20 கண்ணி ஏற்றினேன், 27 ஆகிவிட்டது: உல்லன் பின்னல் பழகுகிறவர்களுக்கான கேள்வி-பதில் இழை

கேள்வி (நவம்பர் 9)

சின்ன ஸ்கார்ஃப் ஒன்று பின்னலாம் என்று ஆரம்பித்தேன். 20 கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) ஏற்றி, வீடியோவில் சொன்னபடி ஒரு வரிசை நிட் (நம் பக்கம் 'வி'யாகத் தெரியும் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (நம் பக்கம் மேடாகத் தெரியும் கண்ணி) என்று போனேன். ஒரு சாண் வந்ததும் எண்ணிப் பார்த்தால் 27 கண்ணி. இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டுகொள்கிறது. பிரித்துப் பிரித்து நூலே பஞ்சாகிவிட்டது. "உனக்கு ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேதான் சரிப்படும்" என்கிறாள் அக்கா. சென்னையில் இருந்துகொண்டு கம்பளி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

நவம்பர் 9, இரவு

விட வேண்டாம். இதில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது. ஓரம் சுருள்வது உங்கள் தவறே இல்லை, அதை நாளைக்கு எழுதுகிறேன். இப்போது 27 மட்டும்.

அந்தத் துண்டைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் அங்கங்கே மிளகு அளவுக்கு ஓட்டை தெரிகிறதா? இல்லை, நடுப்பகுதி ஒழுங்காக இருந்து ஓரம் மட்டும் போகப் போக அகலமாகிறதா?

ஓட்டை இருந்தால் காரணம் இது. பர்ல் போடும்போது நூல் ஊசிக்கு முன்னால், நம் பக்கம் இருக்கும். நிட் போடும்போது பின்னால் இருக்க வேண்டும். முன்னால் கிடக்கும் நூலைப் பின்னுக்குத் தள்ளாமல் அப்படியே நிட் போட்டால் அது ஊசிமேல் ஏறி ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அடுத்த வரிசையில் அதையும் கண்ணி என்று நினைத்துப் பின்னிவிடுவோம். எண்ணிக்கையில் ஒன்று கூடும், அதன் கீழே ஓட்டை விழும்.

ஓரம் அகன்றால் வேறு கதை. வரிசை தொடங்கும்போது நூல் முதல் கண்ணியின் அடியிலிருந்து கீழே தொங்க வேண்டும். அதைத் தூக்கி ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிட்டால், முதல் கண்ணியின் இரண்டு காலும் ஊசிமேல் வந்து நிற்கும். பார்த்தால் இரண்டு கண்ணி என்றே தோன்றும், இரண்டையும் பின்னுவோம். நிட் வரிசையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நூலை ஊசிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னால் விடுங்கள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒன்றிலேயே கணக்கு நேராகிவிட்டது.

கை பழகும்வரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு சாண் பின்னிவிட்டுக் கண்டுபிடிப்பதைவிட மேல்.

நவம்பர் 10, காலை

சுருள்வதற்கு வருகிறேன். வீட்டில் துடைக்கப் போட்டிருக்கும் பழைய பனியன் ஒன்றை எடுத்து, அடி மடிப்புத் தையலை வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். அந்த ஓரம் வெளிப்பக்கமாகச் சுருளும். அப்புறம் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வெளிப்பக்கம் முழுக்க சின்னச் சின்ன 'வி' வடிவம் வரிசையாக நிற்கும். உள்பக்கம் திருப்பினால் வளைவு வளைவாக மேடு. நீங்கள் ஊசியில் பின்னியதும் இதே துணிதான். ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல். திருப்பூர் இயந்திரம் இதையே மெல்லிய நூலில், மிகச் சின்னக் கண்ணியில் பின்னுகிறது. 1589-இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் ஊரில் வில்லியம் லீ காலுறை பின்ன ஒரு தறி செய்தார். இன்றைய பனியன் இயந்திரங்களின் வம்சம் அதிலிருந்து தொடங்குகிறது.

முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறாக இருப்பதால் இந்தத் துணியில் இழுவிசை சமமாக இருக்காது. மேல், கீழ் ஓரங்கள் 'வி' பக்கம் சுருளும், பக்கவாட்டு ஓரங்கள் மேட்டுப் பக்கம் சுருளும். பனியன் துணியை இஸ்திரி போட்டாலும் திரும்பிவிடும். இப்போது அதே பனியனின் கழுத்துப் பட்டியைப் பாருங்கள். அது சுருளாது. அதில் நிட்டும் பர்லும் மாறி மாறி வருகின்றன, இரண்டு பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

எனவே ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்ற துணியில் ஓரத்துக்கு எதுவுமே செய்யாமல் ஸ்கார்ஃப் பின்னக் கூடாது. அதை முதல் பாடமாக வைக்கும் வீடியோக்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. புதிதாக வருகிறவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

நவம்பர் 12

என்ன வாங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஊசி: 4 மில்லிமீட்டர், கடையில் 8 நம்பர். நம்மூர்க் கடைகளில் போனி ஊசி எளிதாகக் கிடைக்கும். அது நீலகிரியில் கேத்தி பக்கம் எல்லநள்ளியில் 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையின் சரக்கு. குன்னூரில் இருந்தபோது எங்கள் வரிசை வீடுகளில் ஸ்வெட்டர் பின்னாத பெண்கள் குறைவு, எல்லார் கையிலும் அந்தச் சாம்பல் நிற அலுமினிய ஊசிதான் இருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா ஊசியைப் பார்க்கவே மாட்டார், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னுவார்.

நூல்: கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் தருவார்கள். லூதியானாவிலிருந்து வரும் வர்த்மான், ஓஸ்வால் எல்லாம் பரவலாகக் கிடைக்கும். பழக அக்ரிலிக் நல்லது. விலை குறைவு, கொஞ்சம் இழுபடும், பிரித்துப் பின்னினாலும் தாங்கும். வெளிர் நிறமாக, ஒரே நிறமாக வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கண்ணியே தெரியாது. நிறம் மாறி மாறி வரும் நூலும் இப்போது வேண்டாம். மொசுமொசுவென்று ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தொடவே வேண்டாம்.

எந்த நூலுக்கு எந்த ஊசி என்று லேபிளில் போடாவிட்டால், நூலை இரண்டாக மடித்து ஊசியின் மேல் வையுங்கள். மடித்த நூலும் ஊசியும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருந்தால் பொருந்தும்.

வேறு எதுவும் வாங்க வேண்டாம். கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி, சேலைக்குக் குத்தும் ஊக்கு நாலைந்து, நழுவிய கண்ணியை ஏற்ற ஒரு குரோஷே கொக்கி. போதும்.

நவம்பர் 12, சற்று நேரம் கழித்து

மேலே 8 நம்பர் என்று எழுதியது நம்மூர்க் கணக்கு, அதாவது பழைய பிரிட்டன் கணக்கு. அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர், அங்கே நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். அமெரிக்க வீடியோவில் 8 என்று சொன்னால் அது 5 மி.மீ., நம் கடையில் 6 நம்பர். ஒருவர் வீடியோவில் கேட்டபடி 8 வாங்கி வந்து, இறுகிப்போகிறது என்று எழுதியிருந்தார். அவர் கையில் குறையில்லை. நம்பரை மறந்துவிட்டு மி.மீ. பார்த்து வாங்குங்கள், ஊசியின் தலையில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

நவம்பர் 15

முதல் வேலையாக ஸ்கார்ஃப் வேண்டாம். நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், பாதியில் மனம் விட்டுப்போகும், முடித்தாலும் சென்னையில் போட்டுக்கொள்ள நாள் கிடையாது.

பாத்திரம் துடைக்கும் துணி பின்னுங்கள். பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி, 30 கண்ணி. எல்லா வரிசையும் நிட், பர்லே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாக வரும், சுருளவே சுருளாது. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு என்று கணக்கு. இந்தத் துணியில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. கண்ணி எத்தனையோ அத்தனை மேடு பின்னினால் கிட்டத்தட்டச் சதுரம் கிடைக்கும். 30 கண்ணிக்கு 30 மேடு. மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால் சதுரம் ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும், அளவு நாடாகூட வேண்டாம்.

முடிவில் கண்ணிகளை மூடி ஊசியிலிருந்து எடுக்க நூல் எவ்வளவு மீதி வைப்பது? துணியின் அகலத்தைப் போல நாலு மடங்கு இருந்தால் கவலையில்லை. தளர்வாக மூடுங்கள், இல்லாவிட்டால் மேல் ஓரம் மட்டும் சுருங்கி நிற்கும்.

நவம்பர் 16

"பின்னல் குளிர்நாட்டுக்காரர்கள் வேலை, நமக்கு ஒட்டாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப்பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 14-ஆம் நூற்றாண்டுக்குள் வருகிறவை. அவற்றில் பல பருத்தி நூலில் நீலமும் வெள்ளையுமாகப் பின்னியவை. நம்மைப் போல வெயில் ஊர், நம்மைப் போலப் பருத்தி.

பருத்தியில் பின்னுவதில் ஒரு சிரமம் உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். கம்பளியைப் போல அது இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்காது. உங்கள் கை எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்று அப்படியே காட்டும். முறுக்கு தளர்வாக இருந்தால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்து நூலைப் பிளக்கும். கையில் எடுத்து நூலை லேசாகத் திருகிப் பாருங்கள். இழைகள் உடனே பிரிந்து நின்றால் அந்த உருண்டையை வைத்துவிட்டு வேறு பாருங்கள்.

நவம்பர் 20

கண்ணி நழுவிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பயம் எல்லாருக்கும் இந்த இடத்தில்தான், இந்தப் பயம் போய்விட்டால் மீதி தானாக வரும்.

ஊசியிலிருந்து ஒரு கண்ணி விழுந்ததும் கையை எடுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். விழுந்த வளையத்தில் உடனே ஓர் ஊக்கைக் கோத்துப் பூட்டுங்கள். இனி அது எங்கும் ஓடாது. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது 'வி' தெரியும் பக்கத்தை உங்களைப் பார்த்துத் திருப்புங்கள். விழுந்த வளையம் அடியில் நிற்கும். அதற்கு மேலே, ஊசிவரைக்கும், குறுக்குக் குறுக்காக நூல் மட்டும் ஏணிப்படியாகத் தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு வரிசை. குரோஷே கொக்கியை முன்பக்கமிருந்து வளையத்துக்குள் விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் படியைப் பிடித்து வளையத்தின் வழியாக வெளியே இழுங்கள். ஒரு 'வி' உருவாகிவிடும், கொக்கியில் புது வளையம் இருக்கும். அடுத்த படி, அடுத்தது என்று ஊசிவரை ஏறிக் கடைசி வளையத்தை இடது ஊசியில் மாட்டுங்கள். மாட்டும்போது வளையத்தின் வலது கால் ஊசிக்கு முன்னால் வர வேண்டும். மாறி மாட்டினால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

நான் சொல்லிக்கொடுக்கும்போது வேண்டுமென்றே ஒரு கண்ணியை விழவைத்து, நாலு வரிசை கீழே ஓடவிட்டு, ஏற்றச் சொல்வேன். பிள்ளைகள் முதலில் அலறுவார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் அவர்களே விழவைத்து விளையாடுவார்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைப்பது. வீடியோவைப் பார்த்துக் கையசைவைக் கற்பது பாதிதான். பின்னிய துணியைப் பார்த்து எது நிட், எது பர்ல், எது முறுக்கியது, எது கூடுதல் என்று கண்ணால் படிக்க வேண்டும். ஊசிக்கு அடியில், கண்ணியின் கழுத்தைச் சுற்றியது மாதிரி ஒரு மேடு இருந்தால் அது பர்ல், 'வி' இருந்தால் நிட். தினம் ஐந்து நிமிடம் பின்னாமல் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். இது பழகிவிட்டால் எந்த வரிசையில் நிறுத்தினோம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

நவம்பர் 21

அக்கா சொன்னதற்குப் பதில் பாக்கி. குரோஷே தொடக்கத்தில் எளிது என்பது உண்மைதான். ஒரே கொக்கி, எந்த நேரத்திலும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரு வளையம். கைவிட்டுப் போனாலும் அந்த ஒன்றைப் பிடித்தால் போதும். ஊசிப்பின்னலில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் திறந்து கிடக்கும். ஆனால் மெல்லியதாக, உடம்போடு ஒட்டி இழுபடும் துணி வேண்டுமென்றால் ஊசிதான்.

குரோஷேயைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2016-இல் சென்னையில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து 11,000 சதுர மீட்டருக்கும் மேல் குரோஷே போர்வை இணைத்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். இன்னொன்று, நிஜமான குரோஷேயை இயந்திரம் போடுவதில்லை, கடையில் பார்க்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் போட்டது. வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

வயர் கூடை போட்ட கைகளுக்கு இரண்டுமே சீக்கிரம் வரும். கூடையில் சிவன் கண் டிசைன் போட்டவருக்கு எண்ணிக்கை தவறாது, இழுவை ஒரே சீராக இருக்கும். எங்கள் தெருவில் கூடை போடும் அம்மா ஒருவர் கற்றுக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 27

இரண்டு சின்னக் கேள்வி.

இடது கைக்காரர்: கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் திருப்பிப் பழகலாம், ஆனால் அப்புறம் ஒவ்வொரு டிசைனையும் மனதுக்குள் திருப்ப வேண்டிவரும். பின்னலில் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. நூலை இடது கையில் பிடித்து ஊசியால் கொத்தி எடுக்கும் ஐரோப்பிய முறையை முதலில் முயன்று பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கும்.

ஆண்கள் பின்னலாமா என்று தயங்கிக் கேட்ட தம்பிக்கு: தாராளமாக. பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியில் டக்கீலே என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஊசிப்பின்னல் ஆண்கள் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே பழகித் தங்கள் குல்லாயைத் தாங்களே பின்னுகிறார்கள். அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் பழைய காலத்துப் பின்னல் சங்கங்கள் ஆண்களுடையவைதான். உங்கள் ஊசி, உங்கள் நூல். யார் சிரித்தாலும் அடுத்த வரிசையைப் பின்னுங்கள்.

டிசம்பர் 3

இறுகுகிறது, இறுகுகிறது என்று நிறையப் பேர்.

ஊசியின் முனை கூர்மையாக மெலிந்திருக்கும். அந்த முனையிலேயே கண்ணியை முடித்துவிட்டு இழுத்தால் முனையின் அளவுக்குத்தான் கண்ணி வரும். புதுக் கண்ணியை வலது ஊசியின் தடித்த பகுதிக்கு நகர்த்தி அங்கே உட்காரவிடுங்கள், கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது அந்தத் தடிமன்தான். ஒவ்வொரு கண்ணிக்கும் பிறகு நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல்மேல் ஓடவிட்டால் அதுவே சீராகப் பிடித்துக்கொள்ளும். ஒரு விரலால் தள்ளினால் கண்ணிகள் ஊசியில் நகர வேண்டும். நகராவிட்டால் இறுக்கம் அதிகம்.

தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு பின்னுகிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

டிசம்பர் 10

துடைக்கும் துணி இரண்டு முடித்த கையோடு ஒருவர் கணவருக்கு ஸ்வெட்டர் ஆரம்பிக்கப் போகிறாராம். ஆசை புரிகிறது. தொடங்கும் முன் 10 செ.மீ. சதுரத்தைவிடக் கொஞ்சம் பெரிய மாதிரித் துண்டு ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ.-க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கு இப்படி. டிசைனில் 10 செ.மீ.-க்கு 22 கண்ணி என்று போட்டு, 90 செ.மீ. சுற்றளவுக்கு 198 கண்ணி சொல்லியிருப்பார்கள். உங்கள் கையில் 20 வந்தால் அதே 198 கண்ணி 99 செ.மீ. ஆகிவிடும். 24 வந்தால் 82.5 செ.மீ. தான். இரண்டு கண்ணி வித்தியாசம், ஒன்று தொளதொளவென்று தொங்கும், இன்னொன்று உடம்பை இறுக்கிப் பிடிக்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய மனவேதனை. கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கு.

துவைத்த பிறகு எண்ணச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பருத்தி தண்ணீர் பட்டதும் கனத்து நீளும். அக்ரிலிக்கை இஸ்திரிப் பெட்டி தொட்டால் உயிர்போய்த் துவண்டுவிடும், திரும்ப வராது. கம்பளியைச் சூடான தண்ணீரில் கசக்கினால் சுருங்கிக் கட்டித்துப்போகும்.

டிசம்பர் 18

மார்கழி பிறந்ததும் எல்லாருக்கும் குல்லாய் ஞாபகம் வந்துவிட்டது. அதிகாலை வாக்கிங் போகும் அப்பாவுக்கு மங்கி குல்லாய் கேட்டவர் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி. பிரசவத்துக்குப் போகும்போது பெரும்பாலான இடங்களில் தொப்பி, காலுறை எடுத்துவரச் சொல்கிறார்கள், அதனால் யாராவது ஒருவருக்கு எப்போதும் தேவைப்படும்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. பின்னல் இழுபடும் என்பதால் 32 செ.மீ. பின்னினால் சரியாக உட்காரும். 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.-க்கு 22 கண்ணி வரும் மென்மையான நூல்.

74 கண்ணி ஏற்றுங்கள். 2 நிட், 2 பர்ல் என்று போய்க் கடைசியில் 2 நிட்டில் முடியுங்கள். திரும்பி வரும்போது 2 பர்லில் தொடங்கி, நிட்டுக்கு மேல் நிட், பர்லுக்கு மேல் பர்ல் வரும்படி பின்னுங்கள். நூலை முன்னும் பின்னும் மாற்றும்போது இரண்டு ஊசிக்கு நடுவே மாற்றுங்கள். 3 செ.மீ. ஆனதும் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். மொத்தம் 10 செ.மீ. உயரம் வந்ததும் உச்சியைக் குறைக்க வேண்டும்.

இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்கு. நடுவில் மிச்சம் 72, அதாவது 8 பங்கு, பங்குக்கு 9. முதல் குறைப்பு வரிசையில் 7 நிட், அப்புறம் இரண்டைச் சேர்த்து ஒரு நிட். இதை 8 முறை. திரும்பும் வரிசை முழுக்க பர்ல். அடுத்ததில் 6 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் 8 குறைந்து, நடுவில் 8-உம் ஓரத்தில் 2-உம் மிஞ்சும். நூலை நீளமாக வெட்டித் தையல் ஊசியில் கோத்து, மிஞ்சிய கண்ணிகள் வழியாக ஓட்டி இறுக்கி, அதே நூலால் பக்கத்தைத் தைத்துவிடுங்கள்.

பங்குகளுக்கு நடுவே ஊசியில் ஒரு வண்ண நூல் வளையம் மாட்டி வைத்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம்.

டிசம்பர் 19

குழந்தைத் தொப்பி பற்றி இன்னும் ஒன்று, இது முக்கியம். உள்பக்கம் நூல் நுனி எதுவும் தொங்கக் கூடாது. பிஞ்சு விரலில் நூல் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே தடைபடும். தாடைக்கடியில் கட்டும் கயிறு வேண்டாம், உச்சியில் குஞ்சம் வேண்டாம், ஓட்டை ஓட்டையான டிசைனும் பெரியவர்களுக்கு இருக்கட்டும். நம்மூர்ச் சூட்டில் குழந்தை வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

ஜனவரி 6

ஊசி விஷயத்தில் மனம் மாறியிருக்கிறேன். நவம்பரில் அலுமினியத்தை மட்டும் சொன்னேன், குன்னூர்க் குளிரில் அதில் ஒரு குறையும் தெரியாது. இங்கே கோவையில் என்னிடம் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால், வியர்த்த விரலில் உலோகம் ஒட்டுகிறது, ஆனால் கண்ணி மட்டும் வழுக்கி ஓடுகிறது. மூங்கில் ஊசி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கண்ணி தானாக நழுவாது. புதிதாக வாங்குகிறவர்கள் மூங்கிலே வாங்குங்கள். ஏற்கெனவே அலுமினியம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னினால் ஓடும்.

இரண்டு முனைக்கும் நடுவே வயர் வைத்த வட்ட ஊசியும் நல்லது. 80 செ.மீ. ஒன்று வாங்கிவிட்டால் தட்டையாகவும் பின்னலாம், கனம் மடியில் உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் ஊசி சீட்டுக்கு அடியில் உருளாது. அகலமான வேலையைச் சுற்றிச் சுற்றிப் பின்னினால் எல்லாமே நிட்தான், 'வி' பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். பர்ல் பிடிக்காதவர்களுக்கு இது சந்தோஷமான செய்தி. பழைய எகிப்தியத் துண்டுகளும் சுற்றிப் பின்னியவை. பர்லுக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் பெயர்பெற்றது 1562-இல் இறந்த, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் ஆட்சியாளரின் மனைவி டொலிடோ எலியனோராவின் பட்டுக் காலுறை. நெடுங்காலம் பெரும்பாலும் பர்ல் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது.

ஜனவரி 19

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஓரத்தில் நூலை மேலே தூக்கியதுதான் காரணமாம். இப்போது 30 ஏற்றினால் 30-உடன் முடிகிறது. துணியில் நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, முடிச்சுப் போட்டு வெட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

முடிச்சு வேண்டாம், துவைத்தால் அவிழும் அல்லது உறுத்தும். 15 செ.மீ. நுனி விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, மேடுகளின் அடியாகவே ஒரு பக்கம் ஐந்தாறு கண்ணி தூரம் ஓட்டுங்கள். திரும்பி எதிர்த்திசையில் பக்கத்து வரிசையில் அதே தூரம். துணியை ஒருமுறை நாலா பக்கமும் இழுத்துவிட்டு, அப்புறம் ஒட்ட வெட்டுங்கள். புது உருண்டை சேர்ப்பதையும் எப்போதும் வரிசை ஓரத்தில் வைத்துக்கொண்டால் நடுவில் நுனி வராது.

துவைத்ததும் கொடியில் தொங்கவிடாதீர்கள், தண்ணீர்க் கனத்தில் கீழே இழுத்துவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டில்மேலோ பாய்மேலோ விரித்து, கையால் சதுரமாக நீவிக் காயவிடுங்கள்.